கனடாக் கொடி வந்த கதை: ஆறு மாசச் சண்டையும் ஒத்தை இலையும்

என் சித்தி பையன் கனடாவுல சிட்டிசன்ஷிப் வாங்கின அன்னிக்கு, உறுதிமொழி எடுத்துட்டு கையில குட்டிக் கொடியோட நிக்கிற போட்டோவை ஃபேமிலி குரூப்ல போட்டான். எங்க பெரியப்பா பார்த்துட்டு "இந்த இலைக்கொடி எத்தனை வருஷமா இருக்குடா"ன்னு கேட்டார். அவன் "1867ல நாடு உருவாச்சுல்ல பெரியப்பா, அப்போலேர்ந்து இருக்கும்"னான். நானும் அப்படித்தான் நெனச்சிருந்தேன். தேடிப் பார்த்தா அந்தக் கொடி முதல்முதலா ஏறினது 1965 பிப்ரவரி 15ல. எங்க பெரியப்பா அதைவிட வயசுல மூத்தவர்.

அதுக்கப்புறம் இந்த விஷயத்தை விடவே முடியல, கெடைச்சதையெல்லாம் படிச்சேன். ஒரு நாட்டோட சின்னம் எப்படி முடிவாகுதுன்னு தெரிஞ்சுக்கணும்னா கனடாக் கொடி மாதிரி ஒரு கேஸ் கிடைக்கிறது கஷ்டம், ஏன்னா நிறைய நாட்டுல இது சுதந்திரம் வாங்கின சூட்டுல சட்டுபுட்டுன்னு முடிஞ்சிடும், இங்க நாடு உருவாகி கிட்டத்தட்ட நூறு வருஷம் கழிச்சு, எந்தப் போரும் புரட்சியும் இல்லாம, பார்லிமென்ட்ல உட்கார்ந்து ஆறு மாசம் சண்டை போட்டு முடிவு பண்ணிருக்காங்க. யார் என்ன சொன்னாங்க, எந்த தேதியில எத்தனை ஓட்டு, எல்லாம் பதிவுல இருக்கு. எனக்குப் புரிஞ்ச வரைக்கும் அந்தக் கொடி நிலைச்சு நின்னதுக்குக் காரணம், கடைசி நிமிஷம் வரைக்கும் அதுலேர்ந்து ஒவ்வொண்ணா எடுத்துக்கிட்டே வந்தாங்கங்கறதுதான். எப்படின்னு சொல்றேன்.

முன்னாடி பறந்தது எது

1867ல கனடா டொமினியன் (பிரிட்டிஷ் பேரரசுக்குள்ளயே தன்னாட்சி உள்ள நாடு) ஆனப்போ தனிக்கொடின்னு எதுவும் கிடையாது, பிரிட்டனோட யூனியன் ஜாக்தான். கூடவே ரெட் என்சைன்னு ஒண்ணு புழக்கத்துல வந்துச்சு. செவப்புத் துணி, கம்பத்துப் பக்கம் மேல்மூலையில சின்னதா யூனியன் ஜாக், இன்னொரு பக்கம் கனடாவோட கேடயம். இது அடிப்படையில கப்பல் கொடி, 1892ல பிரிட்டிஷ் அட்மிரால்டி, அதாவது கடற்படைத் துறை, கனடா வணிகக் கப்பல்களுக்கு இதை அனுமதிச்சுது. 1924ல வெளிநாட்டுல இருக்கற கனடா அரசுக் கட்டடங்கள்ல ஏத்தலாம்னாங்க. ரெண்டாம் உலகப்போர் முடிஞ்சதும் 1945 செப்டம்பர் 5ல ஒரு அரசாணை போட்டு, நாட்டுக்குன்னு சொந்தக் கொடி வர்ற வரைக்கும் அரசுக் கட்டடங்கள்ல இதைப் பறக்க விடலாம்னாங்க. அந்த "வர்ற வரைக்கும்" பத்தொம்பது வருஷத்துக்கு மேல இழுத்துடுச்சு.

நடுவுல முயற்சி பண்ணாமலும் இல்ல. 1925ல ஒரு கமிட்டி போட்டாங்க, எதிர்ப்பு வந்ததும் கைவிட்டாங்க. 1946ல பார்லிமென்ட் கமிட்டி ஒரு டிசைனை சிபாரிசு பண்ணுச்சு, ரெட் என்சைன்லயே தங்க நிற இலை வச்ச மாதிரி, ஆனா யூனியன் ஜாக் அப்படியே மூலையில இருந்துச்சு. கியூபெக்காரங்க இதை ஏத்துக்க மாட்டாங்கன்னு தெரிஞ்சதால பிரதமர் மெக்கன்சி கிங் அதைக் கிடப்புல போட்டுட்டார்.

கியூபெக் விஷயம் புரியலன்னா மத்தது எதுவும் புரியாது. பிரெஞ்சு பேசற மாகாணம் அது. யூனியன் ஜாக்கைப் பார்த்தா ஒரு இங்கிலீஷ்காரருக்கு தாத்தா நாடு ஞாபகம் வரும், கியூபெக்காரருக்கு 18ஆம் நூற்றாண்டுல தன் முன்னோர் பிரிட்டன்கிட்ட தோத்தது ஞாபகம் வரும். அவங்க காத்துக்கிட்டு இருக்கல, 1948 ஜனவரி 21ல மாகாண முதல்வர் மொரிஸ் டுப்லெசி நீலத்துல வெள்ளைச் சிலுவையும் நாலு லில்லிப் பூவும் போட்ட கொடியைச் சட்டமன்றக் கட்டடத்து மேல ஏத்திட்டார். அதாவது மாகாணத்துக்குச் சொந்தக் கொடி வந்தாச்சு, நாட்டுக்கு இன்னும் இல்ல. 1960கள்ல கியூபெக்ல பிரிவினைக் குரல் எழும்பி, 1963ல குண்டு வெடிக்கிற அளவுக்குப் போச்சு.

பின்னாடி பிரதமரான லெஸ்டர் பியர்சனுக்கு இதோட இன்னொரு அனுபவமும் உண்டு. 1956 சூயஸ் பிரச்சனையப்போ அவர் கனடாவோட வெளியுறவு அமைச்சர், ஐ.நா. அமைதிப்படைங்கற யோசனையை முன்வச்சு அதுக்காக அடுத்த வருஷம் நோபல் பரிசும் வாங்கினார். ஆனா அந்தப் படைக்கு கனடா அனுப்ப இருந்த ரெஜிமென்ட் பேரு குவீன்ஸ் ஓன் ரைஃபில்ஸ், அதாவது ராணியோட சொந்தத் துப்பாக்கிப் படை, கொடியில யூனியன் ஜாக். எகிப்து வேண்டாம்னுடுச்சு. ஏன்னா அப்போதான் பிரிட்டன் எகிப்தைத் தாக்கியிருக்கு, அதே கொடியோட வர்றவங்களை "இவங்க நடுநிலை"ன்னு எப்படி நம்புவாங்க? அமைதிக்குப் போற சிப்பாய் சட்டையிலயும் கொடியிலயும் சண்டைக்காரனோட அடையாளம் இருக்குங்கறது பியர்சனை ரொம்ப உறுத்தியிருக்கு.

1963ல அவர் பிரதமர் ஆனார், மெஜாரிட்டி இல்லாத அரசு. 1967ல நாட்டுக்கு நூறு வயசு, அதுக்குள்ள கொடி வந்தாகணும்னு முடிவோட இருந்தார்.

வின்னிபெக்

1964 மே 17. வின்னிபெக்ல ராயல் கனடியன் லீஜியன் மாநாடு, அதாவது போர்ல இருந்து திரும்பின பழைய சிப்பாய்களோட சங்கம். கொடியை மாத்தறதை நாட்டுலயே ரொம்ப எதிர்த்தவங்க அவங்கதான். பியர்சன் நேரா அங்கயே போய் மேடையேறி, மேப்பிள் இலைக் கொடிதான் வரப்போகுதுன்னு சொன்னார். கூச்சல், ஊளை எல்லாம் எழும்பிச்சு. அவரும் முதல் உலகப்போர்ல சேவை செஞ்சவர்தான், அந்த உரிமையிலதான் போயிருக்கார். எதிரா இருக்கறவங்க முகத்துக்கு நேரா போய் முதல்ல சொன்ன அந்த ஒரு விஷயத்துக்காகவே எனக்கு அவர் மேல மரியாதை.

ஆனா அவர் கையில வச்சிருந்த டிசைன் இன்னிக்கு நாம பார்க்கற கொடி கிடையாது. ஆலன் பெடோங்கற ஓவியர் வரைஞ்சது: நடுவுல வெள்ளை, அதுல ஒரே காம்புல மூணு செவப்பு இலை, ரெண்டு ஓரத்துலயும் நீலப்பட்டை, கடல் முதல் கடல் வரைங்கற நாட்டு வாசகத்துக்குப் பொருத்தமா. ஜனங்க அதை பியர்சன் பெனன்ட்னு கூப்பிட்டாங்க. அங்கதான் அதோட தலையெழுத்தும் முடிஞ்சுபோச்சுன்னு நெனைக்கிறேன், ஒரு கொடிக்கு ஆளுங்கட்சித் தலைவர் பேரு ஒட்டிக்கிச்சுன்னா எதிர்க்கட்சி அதுக்கு எப்படிக் கை தூக்கும்?

எதிர்ப்பக்கம் இருந்தது ஜான் டீஃபன்பேக்கர், முன்னாள் பிரதமர், கன்சர்வேட்டிவ் தலைவர். இவரை வெறும் பிடிவாதக்காரரா எழுதிட்டுப் போறது சுலபம், நான் அப்படி எழுத மாட்டேன். அப்பா வழியில ஜெர்மன் பேரு, சஸ்காச்சுவான்ல வளர்ந்தவர், அந்தப் பேரால கேலியும் பட்டவர். வந்தேறின எல்லாரும் எந்த அடைமொழியும் இல்லாம வெறும் கனடியரா இருக்கணும்னு வாழ்க்கை முழுக்கப் பேசினார். அவரைப் பொறுத்தவரை பிரிட்டிஷ் மரபுங்கறது ரத்தம் சம்பந்தப்பட்டதில்ல, பார்லிமென்ட்டும் சட்டமும் உரிமையும் சேர்ந்த ஒண்ணு. அதுக்கும் மேல ரெட் என்சைன் கீழ போருக்குப் போன ஆளுங்க. ரெண்டாம் உலகப்போர்ல மட்டும் கனடா ஏறத்தாழ 45,000 பேரை இழந்துச்சு. பையனைப் பறிகொடுத்த வீட்டுல அலமாரியில மடிச்சு வச்சிருக்கற கொடியை, "அது நம்ம கொடி இல்ல, கப்பல் கொடி"ன்னு சட்டம் பேசி ஒதுக்க முடியுமா? அந்த வலி நெசமான வலி.

அதே நேரம் இதையும் சொல்லணும், அந்தப் பசங்க கல்லறைக்கல்லுல செதுக்கியிருக்கறது மேப்பிள் இலைதான். ஐரோப்பாவுல இருக்கற கனடா சிப்பாய் கல்லறைகள்ல போய்ப் பார்த்தா தெரியும். இலை திடீர்னு 1964ல முளைச்சதில்ல. 1834லயே மாண்ட்ரியல்ல பிரெஞ்சுக்காரங்களோட சென்-ழான்-பத்திஸ்ட் சங்கம் அதை அடையாளமா எடுத்துக்கிச்சு. 1860ல பிரிட்டிஷ் இளவரசர் வந்தப்போ வரவேற்கப் போன இங்கிலீஷ்காரங்க அதே இலையைச் சட்டையில குத்திக்கிட்டாங்க. 1921ல ராஜா அஞ்சாம் ஜார்ஜ் கொடுத்த அரசுச் சின்னத்துல மூணு இலை இருக்கு. 1937ல வந்த ஒரு சென்ட் காசுலயும் இலை. ரெண்டு மொழிக்காரங்களும் தனித்தனியா, ஒருத்தரை ஒருத்தர் கேக்காம, முன்னாடியே எடுத்து வச்சிருந்த ஒரே பொருள் அதுதான். அதிகாரபூர்வம்னு முத்திரை குத்தறதுக்கு 130 வருஷம் முன்னாடியே ஜனங்க முடிவு பண்ணியாச்சுன்னுதான் நான் இதைப் பார்க்கறேன்.

ஆறு மாசம்

1964 ஜூன் 15ல பார்லிமென்ட்ல விவாதம் ஆரம்பிச்சுது. டீஃபன்பேக்கர் கட்சி விவாதத்தை இழுத்துக்கிட்டே போனாங்க, பேசிப் பேசியே ஓட்டுக்கு விடாம பண்றது. மொத்தமா 250க்கு மேல பேச்சு. கோடைக்காலம் முழுக்க வேற வேலையே ஓடல. வீட்டுக்கு வீடு இதே பேச்சு, பத்திரிகைக்கு லெட்டர் குவியுது. நம்ம ஊர்ல கல்யாணப் பத்திரிகை அடிக்கறப்போ யார் பேரை மொதல்ல போடறதுன்னு ஒரு சண்டை வருமே, பேரு ரெண்டு எழுத்துதான் ஆனா அதுக்குப் பின்னாடி முப்பது வருஷ மனஸ்தாபம் இருக்கும், பேரு இல்லாமப் போனா "நாங்க இந்த வீட்டுக்கு யாரு"ங்கற கேள்வி வந்துடும். கொடிச் சண்டையும் அதேதான். துணி, கலர் எல்லாம் மேலுக்கு. உள்ள இருந்த கேள்வி "இந்த வீடு யாரோடது".

டீஃபன்பேக்கர் மக்கள்கிட்ட பொது ஓட்டெடுப்பு நடத்துன்னு கேட்டார். கேக்கறதுக்கு ரொம்ப நியாயமா இருக்கும். ஆனா எண்ணிக்கையில இங்கிலீஷ் பேசறவங்க அதிகம், யூனியன் ஜாக் இருக்கற கொடி அப்படி ஜெயிச்சிருந்தா கியூபெக்குக்கு அது ரெண்டாவது தோல்வியா போயிருக்கும், அதுவும் எண்ணிக் காட்டின தோல்வி. பல வருஷம் கழிச்சு நியூசிலாந்துல கொடியை மாத்தலாமான்னு பொது ஓட்டெடுப்பு வச்சாங்க, 2016 மார்ச்ல முடிவு வந்துச்சு, 56 சதவீதத்துக்கு மேல பழைய கொடியே போதும்னுட்டாங்க. தெரிஞ்ச கொடியையும் தெரியாத கொடியையும் பக்கத்துல பக்கத்துல வச்சுக் கேட்டா தெரிஞ்சதுக்குத்தான் கை போகும். அதனால இந்த ஒரு விஷயத்துல பியர்சன் மறுத்தது சரின்னுதான் எனக்குத் தோணுது, இதுல உடன்படாதவங்க நிறைய பேர் இருப்பாங்க, அவங்க வாதத்துக்கும் பலம் இருக்கு.

கடைசியில செப்டம்பர் 10ல விஷயத்தை 15 பேர் கமிட்டிகிட்ட தள்ளிவிட்டாங்க, ஆறு வாரம் டயம். பியர்சனோட லிபரல் கட்சி 7, கன்சர்வேட்டிவ் 5, மீதி மூணு சின்னக் கட்சிக்கு ஆளுக்கு ஒண்ணு. ஜனங்க அனுப்பின டிசைன் மட்டும் 3,541. அதுல 2,136ல மேப்பிள் இலை, 408ல யூனியன் ஜாக், 389ல பீவர்ங்கற நீர்வாழ் விலங்கு, 359ல லில்லிப் பூ. இந்தக் கணக்கைப் பார்த்தாலே பதில் தெரியுது இல்லையா. பார்லிமென்ட்ல கத்திக்கிட்டு இருந்தப்போ வீட்டுல பென்சில் எடுத்து வரைஞ்ச ஜனங்கள்ல பாதிக்கு மேல ஏற்கெனவே இலைக்கு வந்து சேர்ந்தாச்சு.

மார்ச்ல எழுதின லெட்டர்

இந்தக் கேஸ்ல எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி இதுதான். ஜார்ஜ் ஸ்டான்லின்னு ஒரு வரலாற்றுப் பேராசிரியர், கிங்ஸ்டன்ல இருக்கற ராயல் மிலிட்டரி காலேஜ்ல கலைப்புலத் தலைவர். பியர்சனுக்காக கொடி வேலையைத் தோள்ல சுமந்த எம்.பி. ஜான் மேத்தசன், ரெண்டாம் உலகப்போர்ல இத்தாலியில படுகாயம் பட்டவர், அந்தக் காலேஜுக்குப் போனப்போ ஸ்டான்லி அணிவகுப்பு மைதானத்துல நின்னு கட்டடத்து மேல பறந்த காலேஜ் கொடியைக் கையைக் காட்டியிருக்கார். செவப்பு வெள்ளை செவப்பு, நடுவுல காலேஜ் முத்திரை. அந்த முத்திரையை எடுத்துட்டு ஒரு இலையை வைங்க, அதான் உங்க கொடிங்கறது அவர் யோசனை.

அப்புறம் 1964 மார்ச் 23ல மேத்தசனுக்கு ஒரு குறிப்பு எழுதி அனுப்பினார். அதுல சொன்னது ரொம்ப நேரடியான விஷயம்: கொடி எளிமையா இருக்கணும், பார்த்ததும் அடையாளம் தெரியணும், ஒரு இனத்தை மட்டும் குறிக்கிற, பிரிவினை உண்டாக்கற எந்தச் சின்னமும் வேண்டாம். யூனியன் ஜாக்கும் வேண்டாம், லில்லியும் வேண்டாம். தேதியைக் கவனிங்க, மார்ச் 23. வின்னிபெக் கூச்சலுக்கு ரெண்டு மாசம் முன்னாடி. அதாவது கடைசியா ஜெயிச்ச யோசனை சண்டை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே ஃபைல்ல கிடந்திருக்கு. அப்போ அந்த ஆறு மாசம் வீணாங்கற கேள்வி வரும். வீண்னு நான் சொல்ல மாட்டேன், மார்ச்ல அதையே நேரா கொண்டுவந்திருந்தா ரெண்டு பக்கமும் "எங்களுது எங்க"ன்னு கேட்டிருப்பாங்க. மத்த டிசைன் ஒவ்வொண்ணையும் யாராவது ஒருத்தர் அடிச்சுப் போட்டப்புறம்தான் யாருமே அடிக்கக் காரணம் இல்லாத ஒண்ணு கண்ணுல பட்டுது.

கமிட்டி சலிச்சு சலிச்சு கடைசியில மூணு வகைக்கு வந்தாங்க. ஒண்ணு பியர்சனோட மூணு இலை. ஒண்ணு ஸ்டான்லியோட ஒத்தை இலை. இன்னொண்ணு இலையோட யூனியன் ஜாக்கும் லில்லியும் சேர்ந்தது. கடைசியா சொன்னது எல்லாரையும் திருப்திப்படுத்தப் போட்டது, அதுதான் மொதல்ல வெளிய போச்சு. அக்டோபர் 22ல ரகசிய ஓட்டு. கன்சர்வேட்டிவ் உறுப்பினர்கள் ஒரு கணக்குப் போட்டாங்க: லிபரல்காரங்க எப்படியும் தங்களோட பிரதமரோட மூணு இலைக்குத்தான் போடுவாங்க, நாம ஒத்தை இலைக்குப் போட்டா கமிட்டி ரெண்டா உடைஞ்ச மாதிரி காட்டலாம். ஆனா லிபரல்காரங்க சின்னக் கட்சிகளோட பேசி ஒத்தை இலைக்கே மாறியிருந்தாங்க. எண்ணிப் பார்த்தா 14க்கு 0. கமிட்டித் தலைவர் ஓட்டுப் போடல, மீதி அத்தனை பேரும் ஒரே கொடிக்கு. பியர்சன் தன் பேரு ஒட்டின டிசைனை விட்டுக்கொடுத்ததும் அன்னிக்குத்தான். அதுக்கு அவர் மல்லுக்கட்டல, கொடி வந்தா போதும்னு இருந்துட்டார்.

துணி, தையல், இலையோட முனை

இதுவரைக்கும் எல்லாம் பேப்பர்ல. நவம்பர் 6, வெள்ளிக்கிழமை, பிரதமருக்கு இந்தக் கொடிகளை நெசமாவே கம்பத்துல ஏத்திப் பார்க்கணும்னு ஆசை, அதுவும் மறுநாள் காலையில, அவரோட ஹாரிங்டன் ஏரி வீட்டுல. அரசுக் கண்காட்சித் துறையில சில்க்ஸ்கிரீன் போட்டு இலையை அச்சடிச்சாங்க, தைக்க ஆள் இல்ல. அங்க வேலை பார்த்த ஒரு அதிகாரி தன் மகளைக் கூப்பிட்டார், 20 வயசுப் பொண்ணு, தொழில்முறைத் தையல்காரி கூட கிடையாது, வீட்டுல துணி தைக்கிற பழக்கம்தான். ராத்திரியோட ராத்திரியா தன் தையல் மெஷினை எடுத்துட்டு வந்து அந்தத் தடிமனான துணியைத் தைச்சுக் கொடுத்துச்சு. கனடாக் கொடியோட முதல் மாதிரிகள் பிறந்த விதம் இதுதான்.

அப்புறம் இலை. ஸ்டான்லி வச்ச இலைக்கு 13 முனை. ழாக் சென்-சிர்ங்கற கிராஃபிக் ஓவியர் அதை 11 முனையாக் குறைச்சார். எந்த எண்ணுக்கும் மாகாணக் கணக்கு, ராசிக் கணக்குன்னு எதுவும் கிடையாது. கொடி காத்துல அடிக்கறப்போ நிறைய முனை இருந்தா எல்லாம் கலங்கி ஒரு செவப்புக் கறை மாதிரி தெரியும், கம்மியா இருந்தா தூரத்துலேர்ந்தும் இலையாவே தெரியும். காத்துச் சுரங்கத்துல வச்சு சோதிச்சுப் பார்த்து எடுத்த முடிவு இது. செவப்பு எந்தச் செவப்புன்னு முடிவு பண்ண தேசிய ஆராய்ச்சிக் கவுன்சில்ல குந்தர் விஷெட்ஸ்கின்னு கலர் விஞ்ஞானி ஒருத்தர் வேலை பார்த்தார். அளவையும் கவனிங்க, நீளம் அகலத்தைப் போல ரெண்டு மடங்கு, செவப்புப் பட்டை ரெண்டும் கால் கால் பங்கு, நடுவுல வெள்ளை பாதி, அதாவது சரியான சதுரம். மூணு சமப் பட்டையா இருந்திருந்தா இலைக்கு மூச்சு விட இடம் இருந்திருக்காது.

இதுல பாருங்க, மூணு இலை ஒண்ணாச்சு, நீலம் போச்சு, பதிமூணு முனை பதினொண்ணாச்சு. எல்லா இடத்துலயும் கழிச்சல்தான்.

ராத்திரி ரெண்டு மணி

கமிட்டி சொன்னதோட முடியல, டீஃபன்பேக்கர் மறுபடியும் விவாதத்தை இழுத்தார். இதை முடிச்சு வைக்க வழி சொன்னது அவர் கட்சிக்காரரேதான். லியோன் பால்சே, கியூபெக்லேர்ந்து வந்த முன்னணி கன்சர்வேட்டிவ், அரசைப் பார்த்து விவாதத்தை முடிக்கிற தீர்மானம் கொண்டுவாங்கன்னு சொன்னார். கட்சிக்கும் தன் ஜனங்களுக்கும் நடுவுல நின்னு அந்த ஆள் அன்னிக்கு எவ்வளவு சங்கடப்பட்டிருப்பார்னு யோசிச்சுப் பார்க்கறேன். அரசு அப்படியே செஞ்சுது. 1964 டிசம்பர் 15, விடியக்காலை ரெண்டு மணிவாக்குல ஓட்டு. 163க்கு 78. ரெண்டு நாள் கழிச்சு செனட்டும் சம்மதம். கூடவே, காமன்வெல்த் உறவைக் காட்ட யூனியன் ஜாக்கையும் குறிப்பிட்ட நாள்கள்ல ஏத்தலாம்னு தனித் தீர்மானம் போட்டாங்க, தோத்தவங்க வெறுங்கையோட போகக் கூடாதுன்னு.

1965 ஜனவரி 28ல ராணி எலிசபெத் பிரகடனத்துல கையெழுத்துப் போட்டாங்க. அந்த நேரம் பியர்சனும் டீஃபன்பேக்கரும் ரெண்டு பேருமே பிரிட்டன்ல இருந்தாங்க, சர்ச்சிலோட இறுதிச்சடங்குக்கு வந்திருந்தாங்க. பிப்ரவரி 15 மத்தியானம் ஒட்டாவா பார்லிமென்ட் குன்றுல ரெட் என்சைனை இறக்கி, இலைக்கொடியை ஏத்தினாங்க.

ஆறாத காயம், கேக்காத ஆளுங்க

எல்லாரும் சமாதானம் ஆகிடல. ஒன்டாரியோ அதே 1965லயும் மானிடோபா 1966லயும் ரெட் என்சைனையே கொஞ்சம் மாத்தி தங்களோட மாகாணக் கொடியா வச்சுக்கிட்டாங்க, இன்னிக்கும் அதுதான் இருக்கு. டொராண்டோல இருக்கற நம்ம ஆளுங்க தினம் பார்க்கற ஒன்டாரியோ கொடியில மூலையில ஏன் யூனியன் ஜாக் இருக்குன்னு யாராவது கேட்டா காரணம் இந்தச் சண்டைதான்.

இன்னொரு விஷயம் எனக்கு மனசுல முள்ளா நிக்குது. ஆறு மாசமும் பேச்சு முழுக்க இங்கிலீஷா பிரெஞ்சாங்கறதுதான். அந்த மண்ணுக்கு முதல்ல சொந்தக்காரங்களான பூர்வகுடிகள் அந்த விவாதத்துல கிட்டத்தட்ட இல்லவே இல்ல. தங்களோட சட்ட அந்தஸ்தை விடாம அவங்க தேசியத் தேர்தல்ல ஓட்டுப் போட முடிஞ்சதே 1960லதான், கொடிச் சண்டைக்கு வெறும் நாலு வருஷம் முன்னாடி. சட்டப்படி பூர்வகுடின்னு பதிவான ஒருத்தர் முதல்முதலா எம்.பி. ஆனது 1968ல, லென் மார்ச்சண்ட். அதாவது கொடிக்கு ஓட்டுப் போட்ட அந்த 241 பேர்ல அவங்கள்ல ஒருத்தர்கூட இல்ல. அவங்களுக்கு அந்த ஓட்டுரிமையைக் கொண்டுவந்தது யார்னு பார்த்தா, கொடியை எதிர்த்த அதே டீஃபன்பேக்கர். செனட்டுக்கு முதல் பூர்வகுடி உறுப்பினரா 1958ல ஜேம்ஸ் கிளாட்ஸ்டனை நியமிச்சதும் அவர்தான். வரலாற்றுல ஒரு ஆளை ஒரே தட்டுல வச்சு எடை போட முடியாதுங்கறதுக்கு இதைவிட எனக்கு வேற உதாரணம் தெரியல.

மத்த சின்னமெல்லாம் கொடிக்குப் பின்னாடி மெதுவா வந்துச்சு. பீவர் 1975ல. தேசிய கீதம் "ஓ கனடா" 1880லயே கியூபெக்ல பிரெஞ்சுல பாடினது, சட்டமானது 1980 ஜூலை 1ல, நூறு வருஷம் கழிச்சு. அதோட இங்கிலீஷ் வரியில ஆண்மக்களை மட்டும் குறிச்ச சொல்லை 2018ல எல்லாரையும் குறிக்கிற மாதிரி மாத்தினாங்க. விளையாட்டுல ஐஸ் ஹாக்கியா லக்ராஸான்னு இழுபறி வந்து 1994ல குளிர்காலத்துக்கு ஒண்ணு, கோடைக்கு ஒண்ணுன்னு ரெண்டையும் வச்சுக்கிட்டாங்க, லக்ராஸ் பூர்வகுடிகளோட விளையாட்டு. மேப்பிள் மரம் அதிகாரபூர்வ மரமானது 1996ல, இலை கொடியில ஏறி 31 வருஷம் ஆனப்புறம்.

டீஃபன்பேக்கர் 1979 ஆகஸ்ட் 16ல இறந்தார். தன் இறுதிச்சடங்கு எப்படி நடக்கணும்னு அவரே முன்கூட்டி எழுதி வச்சிருந்தார். ஒட்டாவாலேர்ந்து ரயில்ல உடலை ஏத்தி, ஊர் ஊரா ஜனங்க தண்டவாளத்துப் பக்கத்துல வந்து நிக்க, நாட்டுக்குக் குறுக்கால சஸ்காட்டூன் வரைக்கும் கொண்டுபோனாங்க. சவப்பெட்டி மேல ரெண்டு கொடி போத்தியிருந்தாங்க, ஒண்ணு ரெட் என்சைன், இன்னொண்ணு அவர் ஆறு மாசம் எதிர்த்து நின்ன இலைக்கொடி.